பிரிந்த குடும்பமும் வதிவுரிமையும்: இலங்கை, மலாயாத் தமிழர் குடிபெயர்வில் குடும்ப ஒன்றிணைவு – கொங்குப் பின்புலத்தில் ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தம் மனைவி மக்களைத் தாம் வாழும் நாட்டுக்கு அழைத்துக்கொள்வது தனிப்பட்ட இல்வாழ்க்கைச் செய்தியாகவே பெரும்பாலும் நோக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின் இலங்கையிலும் மலாயாவிலும் அது கூலி, ஆள்சேர்ப்பு, குடியுரிமை ஆகிய மூன்றோடும் பிணைந்த அரசியல் சிக்கலாக இருந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டம் முதல் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வரையிலான சட்ட மாற்றங்களை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. தோட்டப் பொருளாதாரமும் அரசுகளின் தடைகளும் உண்டாக்கிய குடும்பப் பிரிவையே பிற்காலச் சட்டங்கள் அத்தொழிலாளரின் வதிவுரிமையை மறுப்பதற்கான சான்றாகக் கொண்டன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, சென்னிமலை, கங்காணி முறை, குடியகல்வு, குடும்ப ஒன்றிணைவு, வதிவுரிமை, மலையகத் தமிழர்.

முன்னுரை

குடியேறிய நாட்டுக்குக் குடும்பத்தை அழைக்கும் உரிமை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியர்களின் அரசியல் கோரிக்கையாக உருப்பெற்றது. தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு வழங்கப்பட்ட சேர்ல் தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நிகழாத இந்தியத் திருமணங்களின் சட்டத் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கியது. மனைவி என்னும் தகுதியே ஐயத்துக்குரியதானபோது கணவனிடம் வந்துசேரும் உரிமையும் ஐயத்துக்குரியதாயிற்று. அதனை எதிர்த்துப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். சிறை சென்று 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை அப்போராட்டத்தின் தமிழ் முகமாக நினைவுகூரப்படுகிறார். அவ்வாண்டு இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் இச்சிக்கலுக்கு ஓரளவு தீர்வு தந்தது. 1918ஆம் ஆண்டு ஏகாதிபத்தியப் போர் மாநாட்டுத் தீர்மானம், பிற டொமினியன்களில் நிலையாக வாழும் இந்தியர் ஒரு மனைவியையும் வயது நிரம்பாத மக்களையும் அழைத்துக்கொள்ளலாம் என ஏற்றது.

இவ்வுரிமைகள் பெரிதும் வணிகரையும் நிலைக்குடியினரையும் கருத்தில் கொண்டவை. தமிழ்நாட்டிலிருந்து மிகப் பெருந்தொகையினர் சென்ற இலங்கை, மலாயாத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்குத் தொழிலாளியின் குடும்பம் முதலில் உழைப்பின் ஊற்றாகவும், பின்னர்ச் செலவினமாகவும், இறுதியில் சட்டத் தடையாகவும் கணக்கிடப்பட்டது. இம்மூன்று நிலைகளையும் கால வரிசையில் காண்பதும், அவற்றைக் கொங்கு நாட்டின் குடும்ப அமைப்போடு பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

கொங்கு நாட்டில் குடும்பமும் உழைப்பும்

அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஈரோடு வட்டத்தில் அமைந்திருந்த சென்னிமலை, முருகன் கோயிலாலும் கைத்தறியாலும் அறியப்பட்ட ஊர். அங்குக் குழித்தறி நெசவு தனியாளின் தொழிலன்று. தறியில் அமர்பவர் ஒருவராயினும் பாவு தயாரித்தல், நூல் இழைத்தல், தார் சுற்றுதல் முதலிய பணிகளை வீட்டுப் பெண்களும் சிறுவரும் முதியோரும் பகிர்ந்தனர். எனவே நெசவாளர் ஒருவர் ஊர் பெயர்வதென்றால் உழைப்பு அலகான குடும்பமே பெயர வேண்டியிருந்தது. 1904இல் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமாரசாமி, பின்னர்த் திருப்பூரில் வாழ்ந்து 1932ஆம் ஆண்டு சனவரியில் கொடிகாத்த குமரனாக உயிர்நீத்தார். சென்னிமலையிலிருந்து திருப்பூர் நோக்கிய இத்தகைய குறுந்தொலைவுப் பெயர்வில் உறவு வட்டம் அறுபடுவதில்லை. பொங்கலுக்கும் தேருக்கும் ஊர் திரும்ப இயலும்.

கடல் கடந்த பெயர்வின் இயல்பு இதனினும் வேறுபட்டது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் மிகுதியாகச் சென்றவை திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தின் பங்கு அவற்றினும் குறைவு. ஆனைமலை, நீலகிரித் தோட்டங்களும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய நூற்பாலைகளும் இம்மாவட்டத்து உழைப்பாளரை உள்நாட்டிலேயே ஈர்த்தன. எனினும் கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதிகளான நாமக்கல், இராசிபுரம், சேலம் வட்டாரங்கள் கடல் கடந்த பெயர்வில் முழுமையாகப் பங்கேற்றன. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஈரோட்டுக்கு 1868இல் நீட்டிக்கப்பட்ட இருப்புப்பாதை, கொங்கு நாட்டை நாகப்பட்டினம் துறைமுகத்தோடு இணைத்திருந்தது.

கொங்குச் சமூகங்கள் பலவற்றில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தோர் பங்காளிகள். அவர்களுக்குள் மணவுறவு இல்லை. முறைப்பெண்ணும் மாமன் மச்சான் உறவும் பிற கூட்டத்திலிருந்தே அமைய வேண்டும். குலதெய்வக் கோயிலில் முடியெடுத்தல், காதுகுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லுதல் ஆகியனவும் ஊரோடு பிணைந்தவை. ஒரு சில கூட்டத்தார் மட்டுமே வாழும் அயல்நாட்டுத் தோட்டத்தில் மணமகள் கிடைப்பது அரிது. ஆகவே ஊர் வந்து மணந்து, மனைவியைச் சில காலம் ஊரில் விட்டுச் செல்லுதல் இயல்பான நடைமுறை ஆயிற்று. பிற்காலச் சட்டங்கள் 'நிலையான வதிவு' என எதனைக் கொண்டனவோ அதற்கு இந்நடைமுறை நேர்மாறாக அமைந்தது.

இலங்கை: குடும்பமாகப் பெயர்ந்த உழைப்பு

இலங்கையின் காப்பித் தோட்டக் காலத்தில் சென்றோருள் ஆண்களே மிகுதி. அறுவடைப் பருவத்துக்குச் சென்று ஊர் திரும்பும் தன்மையுடையது அப்பெயர்வு. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின், 1880களில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் தேவை. அப்பணிக்குப் பெண்களே ஏற்றவர் எனத் தோட்டத்துரைகள் கருதினர். எனவே குடும்பத்தோடு அழைத்துவருவது முதலாளியின் தேவையாயிற்று.

இத்தேவையை நிறைவேற்றியவர் கங்காணி. தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டிய பெரிய கங்காணிக்கும் சில்லறைக் கங்காணிக்கும், பிரட்டில் நின்று வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் தலைக்காசு கிடைத்தது. கணவனோடு மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் வேலைக்கு இறங்கினால் தலைக்காசு பெருகும். மேலும், பயணச் செலவும் முன்பணமும் குடும்பத்தின் பெயரில் கடனாகப் பதிந்ததால், குடும்பமாக வந்தவர் எளிதில் வேறு தோட்டம் செல்ல இயலவில்லை. கடன் தொகையைக் குறித்துத் தரப்பட்ட 'துண்டு' முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்படும் வரை இப்பிணைப்பு நீடித்தது.

1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் இணைப்பு ஏற்பட்டதும் பயணம் சுருங்கியது. மண்டபம் முகாமில் தங்கி நோய்த்தடுப்புச் சோதனை முடித்துச் செல்லும் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. இலங்கையில் குடும்ப ஒன்றிணைவு உரிமையாக வழங்கப்பட்டதன்று. தோட்டத்தின் உழைப்புத் தேவையால் விளைந்தது. இவ்வேறுபாடு பின்னர்த் தெளிவாக வெளிப்பட்டது.

மலாயா: தனியாள் பெயர்வு

மலாயாவில் நிலைமை எதிரிடையானது. கரும்பு, காப்பித் தோட்டங்களிலும் சாலை, இருப்புப்பாதைப் பணிகளிலும் தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்க்கப்பட்டோர் பெரும்பாலும் தனி ஆடவர். 1901இல் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 170 பெண்களே இருந்தனர். 1910இல் ஒப்பந்தக் கூலி ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டு, கங்காணி முறையும் 1907இல் தொடங்கிய குடிவரவு நிதியும் அதன் இடத்தைப் பெற்றன. முதலாளிகள் செலுத்திய வரியால் இயங்கிய இந்நிதி, தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறியோர் பினாங்கில் இறங்கினர்.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டமும் அதன்கீழ் அமைந்த விதிகளும் பெண்களின்றித் தனித்துச் செல்லும் ஆடவர் தொகைக்கு வரம்பு கட்ட முற்பட்டன. ஆனால் மலாயாவுக்கு அவ்வரம்பிலிருந்து விலக்குகள் அளிக்கப்பட்டன. குடும்பத்தோடு வரும் தொழிலாளிக்குத் தனி அறை, பள்ளி, பேறுகால உதவி ஆகியன தேவை. தனி ஆடவருக்கு அவை வேண்டா. ஆயினும் இரப்பர்த் தோட்டம் நிலைபெற்றதும் குடும்பக் குடியிருப்பு தவிர்க்க இயலாததாயிற்று. ஆயிரம் ஆண்களுக்குரிய பெண்கள் தொகை 1921இல் சுமார் 400, 1931இல் சுமார் 480 என உயர்ந்தது. ஏற்கெனவே சென்ற உறவினரை நாடி, கங்காணியின் துணையின்றி நிதியின் உதவியோடு வந்தோர் தொகை 1920களில் பெருகியதைக் கே.எஸ். சந்துவின் மலாயா இந்தியர் பற்றிய ஆய்வு (1969) எடுத்துக்காட்டுகிறது.

பொருளாதாரப் பெருமந்தம் இப்போக்கைத் தடுத்தது. 1930இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது; அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை உள்ள காலத்தில் வரவேற்கப்பட்ட குடும்பம், வேலை குறைந்ததும் சுமையாகக் கருதப்பட்டது. இதே காலத்தில் சீனக் குடிவரவுக்கு விதிக்கப்பட்ட எண்ணிக்கை வரம்பு ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1938 வரை சீனப் பெண்கள் அவ்வரம்புக்கு வெளியே வந்துசேர முடிந்தது. இதனால் சீனச் சமூகம் குடும்பச் சமூகமாக மாறியது. இந்தியருக்கோ கூலி விகிதமும் கப்பல் செலவுமே சட்டத்தினும் வலிய தடைகளாக நின்றன.

1938, 1939ஆம் ஆண்டுகளின் தடைகள்

வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1936–37இல் மலாயா சென்று இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1938இல் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகவும் பெண்களின் நாட்கூலி 40 காசிலிருந்து 35 காசாகவும் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு அவ்வாண்டு சூன் 15 முதல் உதவி பெற்ற தொழிலாளர் குடியகல்வைத் தடை செய்தது. இலங்கை அரசுப் பணிகளிலிருந்து இந்திய நாட்கூலிகள் நீக்கப்பட்டதை எதிர்த்து, 1939 ஆகஸ்ட் 1 முதல் திறன்சாராத் தொழிலாளர் இலங்கை செல்வதும் தடுக்கப்பட்டது.

இத்தடைகள் தொழிலாளரின் கண்ணியத்தைக் காக்கும் நோக்குடன் விதிக்கப்பட்டவை. தேசிய இயக்கமும் அவற்றை ஆதரித்தது. ஆயினும் அவற்றின் மறுபக்கம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. தோட்டத்தில் மனைவியும் தொழிலாளியே. எனவே அவளது பயணமும் தொழிலாளர் குடியகல்வாகவே கொள்ளத்தக்கது. மலாயாவில் நிதியின் உதவி நின்றதால் குடும்பத்தின் கப்பல் செலவை 45 காசு நாட்கூலி பெற்றவரே ஏற்க வேண்டியதாயிற்று. இலங்கையில், ஊர் வந்து திரும்புவதே சிக்கலானதால், வந்தவர் திரும்ப அஞ்சினர். அங்கிருந்தவர் வர அஞ்சினர். பின்னர்ச் சில விலக்குகள் அளிக்கப்பட்டனவாயினும் 1942இல் சப்பானியப் படையெடுப்பு வங்கக் கடலை மூடியது. மலாயாவில் இருந்த கணவனும் ஊரில் இருந்த மனைவியும் மூன்றரை ஆண்டுகள் பணமும் செய்தியும் இன்றிப் பிரிந்தனர். சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலர் மீளவே இல்லை.

மனைவியின் வதிவு: இலங்கைக் குடியுரிமைச் சட்டம்

1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. அவர்களுக்கு வழி தருவதாக இயற்றப்பட்ட 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (குடியுரிமை) சட்டம், 1946 சனவரி 1க்கு முன் மணமானோருக்கு 7 ஆண்டும் ஏனையோருக்கு 10 ஆண்டும் இடையறாத வதிவைக் கோரியது. பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுத் தங்கல் அவ்வதிவை முறிக்கும்.

மணமான ஆடவரின் விண்ணப்பத்துக்கு மனைவியும் வயது நிரம்பாத மக்களும் இலங்கையில் இடையறாது வாழ்ந்தமைக்கான சான்றும் தேவைப்பட்டது. மணமாகி ஓராண்டுக்குள் மனைவி இலங்கையில் வதியத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதன் உட்பொருள் கருதத்தக்கது. குடும்பம் எங்கே வாழ்கிறதோ அதுவே ஒருவரது நாடு என்னும் கோட்பாடு இங்குச் சட்டமாயிற்று. ஊரில் மணந்து, முதற்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற்று, பிள்ளை நடக்கும் பருவத்தில் கணவனிடம் வந்துசேர்ந்த பெண்ணின் வாழ்க்கை இக்கோட்பாட்டில் குற்றமாகத் தோன்றும். 1939ஆம் ஆண்டுத் தடையாலோ போர்க்காலத்தாலோ வர இயலாது போன மனைவியின் நிலையும் அதுவே. மனைவி வராததற்கான காரணத்தை அந்நிபந்தனை கேட்கவில்லை. அவள் இல்லாமையை மட்டுமே பதிவு செய்தது.

இரண்டாண்டு வரம்பு 1951 ஆகஸ்டில் முடிந்தபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. இறுதியில் குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர். எழுத்துச் சான்று இன்மை, வதிவு முறிவு, மனைவி மக்களின் வதிவை மெய்ப்பிக்க இயலாமை ஆகியன மறுப்புக்கு இடமளித்தன. மறுபுறம், 1948ஆம் ஆண்டு குடிவரவு குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், குடியுரிமை பெறாதவர் ஊரிலிருந்து மனைவியை அழைப்பதும் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. குடும்பம் இங்கு இல்லாததால் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாததால் குடும்பத்தை அழைக்க இயலவில்லை.

மலாயாவின் 1953, 1959ஆம் ஆண்டு விதிகள்

போருக்குப்பின் மலாயாவில் இந்தியப் பெண்கள் தொகை ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 640 ஆக (1947) உயர்ந்திருந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பல் பிரிந்த குடும்பங்களை இணைத்தது. 1953 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் புதிய உடலுழைப்பாளர் வருகையை முற்றிலும் தடுத்தது. உயர் ஊதியம் பெறும் தொழில்வல்லார் தவிர, மலாயாவில் வாழ்வோரின் மனைவியும் சிறு பிள்ளைகளுமே வர இயன்றது. அதாவது 1953க்குப்பின் சாதாரணத் தமிழருக்குத் திறந்திருந்த ஒரே வாயில் குடும்ப ஒன்றிணைவே.

விடுதலைக்குப்பின் 1959இல் அவ்வாயிலும் குறுக்கப்பட்டது. 1954 திசம்பருக்குப்பின் தொடர்ந்து ஐந்தாண்டு கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவியும், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் நுழைவதற்குத் தடை விதிக்கப்பட்டது. புதிய நாடு தன் குடிமக்களை வரையறுத்துக்கொள்ளும் முயற்சியாக இதனைக் காண இடமுண்டு. பள்ளிப் பருவத்துக்கு முன்பே வந்த பிள்ளை அந்நாட்டுக் கல்வியில் வளரும் என்பதும் அதன் தருக்கமாகலாம். ஆனால் காலக் கணக்கு கடுமையானது. ஊரில் முதிய பெற்றோரையும் சிறு நிலத்தையும் பேணுவதற்காக 1954இல் மனைவியை விட்டுச்சென்ற தொழிலாளிக்கு, சட்டம் வந்த ஆண்டிலேயே தவணை முடிந்தது. இரட்டைக் குடும்பச் செலவைத் தாங்கிச் சேமித்த சிக்கனம், உறவு முறிந்ததன் அடையாளமாகப் பொருள்கொள்ளப்பட்டது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் கொங்குக்கு வந்தோரும்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டில் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை அளித்தால் ஏழு பேர் இந்தியா செல்ல வேண்டும் என்பது விகிதம். இக்கணக்கின் அலகு தலை; உறவு அன்று. பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான மக்கள் மற்றொரு நாட்டுக்கும், அண்ணன் ஓரிடத்துக்கும் தம்பி வேறிடத்துக்கும் உரியோராயினர். வள்ளி கணபதிப்பிள்ளையின் ஆய்வு (2009) இவ்வொப்பந்தத்தில் தொழிலாளரின் விருப்பம் பெற்றிருந்த இடத்தின் சிறுமையைச் சுட்டுகிறது.

தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வில் கொங்கு மண்டலமும் அதன் அண்டை மலைகளும் முதன்மை இடம் பெற்றன. 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் திரும்பியோர் குடியமர்ந்தனர். அவர்களது முன்னோர் ஊர்கள் சமவெளியில் இருந்தபோதும், கைவந்த தொழில் தேயிலையே என்பதால் மலையே மீண்டும் அவர்களது இடமாயிற்று. மூன்று தலைமுறைக்குப்பின் திரும்பியோரை அடையாளம் காணப் பங்காளிகள் சமவெளியில் இல்லை. உடன்பிறந்தோர் கடலுக்கு அப்பால் இருந்தனர்.

1983க்குப்பின் வந்த அகதிகளுள்ளும் மலையக வம்சாவளியினர் உளர். சென்னிமலைக்கு அண்மையிலுள்ள அறச்சலூரிலும், ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகரிலும் அமைந்த முகாம்கள் இன்று இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கப்படுகின்றன. இந்தியாவிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல் என்பதால் இலங்கையிலும், இலங்கையிலிருந்து வந்தோர் என்பதால் இந்தியாவிலும் குடியுரிமைக்குப் புறத்தே நிற்போர் அவருள் அடங்குவர். மலையகத் தமிழருக்கு 2003இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டமும் அந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தமையையே அடிப்படையாகக் கொண்டது. 1949இல் எழுந்த வதிவு பற்றிய வினா இவ்வாறு கொங்கு மண்ணிலேயே இன்றும் தொடர்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

குடும்ப ஒன்றிணைவு இலங்கையிலும் மலாயாவிலும் உரிமையாகத் தொடங்கவில்லை. இலங்கையில் தேயிலையின் உழைப்புத் தேவை குடும்பத்தை அழைத்தது. மலாயாவில் செலவுக் கணக்கு அதனை நெடுங்காலம் தள்ளி வைத்தது.

1938, 1939ஆம் ஆண்டுகளின் இந்தியத் தடைகள் நல்லெண்ணத்தால் விளைந்தவை எனினும் குடும்பங்களின் பிரிவை நீட்டித்தன. இத்தடைகளைத் தேசிய வரலாற்றின் நோக்கில் மட்டுமன்றிக் குடும்ப வரலாற்றின் நோக்கிலும் மதிப்பிட வேண்டும்.

1949, 1959ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் முறையே குடியுரிமைக்கும் நுழைவுக்கும் மனைவியின் வதிவை அளவுகோலாக்கின. கூலியும் தடையும் போரும் உண்டாக்கிய பிரிவுக்குத் தொழிலாளியே பொறுப்பாளியாக்கப்பட்டார்.

மணமுறை, குலதெய்வ வழிபாடு, தாய்வீட்டுப் பேறு ஆகிய கொங்கு வழக்கங்கள் ஊரோடு உறவைக் காத்தவை. அதே வழக்கங்கள் அயல்நாட்டுச் சட்டத்தின்முன் நிலையின்மையின் சான்றுகளாயின.

சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரக் குடும்பங்களில் எஞ்சியுள்ள பழைய கடவுச்சீட்டுகள், பணவிடை ஒட்டுகள், கடிதங்கள் ஆகியவற்றைத் தொகுப்பது இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க பணி. ஆள்சேர்ப்பு ஆவணங்கள் சென்றவரின் பெயரைப் பதிந்துள்ளன. ஊரில் காத்திருந்தவரின் வரலாறு அக்கடிதங்களில்தான் உள்ளது. அவற்றைப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை முதுமை எய்திவிட்டது.